கன்னியாவில எள்ளும் தண்ணியும்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சமூகம் தலைகீழா மாறுற காலத்தில சமயத்துக்கு என்ன வேலை எண்டு கேட்டா எங்கட ஆக்கள் உடனே சிலை, கோவில், கொடி, ஊர்வலம் எண்டு தொடங்கிடுவாங்க, திருகோணமலையில அப்படிக் கதைக்க விசயமும் நிறையக் கிடக்கு. நான் இதில எடுக்கிறது செத்த ஆக்களுக்குச் செய்யிற கடமையை. யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி, கொரோனா எண்டு இந்த ஊருக்கு விழுந்த ஒவ்வொரு அடியும் ஏதோ ஒரு கட்டத்தில அங்கதான் வந்து முட்டினது. செத்தவரை எப்படி அனுப்புறது, எந்த மண்ணில எந்தத் தண்ணியில அனுப்புறது, அதுக்கு ஆரிட்ட அனுமதி கேக்கவேணும். இந்தக் கேள்வியள் எல்லாம் ஒண்டா வந்து நிக்கிற இடம் கன்னியா, அதாலதான் அதை எடுத்தன்.

டவுனிலிருந்து அநுராதபுரம் வீதியால கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் போனா கன்னியா. சதுரமாக் கட்டின ஏழு சின்ன வெந்நீர்க் கிணறு, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா இருந்தும் ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற. எட்டிப் பாத்தாலே அடி தெரியிற ஆழம்தான். ராவணன் தாய்க்குக் கடமை செய்யத் தண்ணி தேடினபோது நிலத்தில ஏழு இடத்தில குத்தினான், அங்க ஊத்து வந்துது எண்டது ஊர்க் கதை. அது நடந்ததோ இல்லையோ, கதை எதைப் பற்றினது எண்டு கவனிச்சுப் பாருங்க. ஒரு ராசா தாய்க்குச் செய்யவேண்டிய கடைசிக் கடமைக்காகத் தோண்டின கிணறு எண்டுதான் சனம் அந்த இடத்தை ஞாபகம் வச்சிருக்கு. கோட்டை, போர், வெற்றி ஒண்டும் அந்தக் கதைக்குள்ள வராது.

அதால திருகோணமலைச் சைவச் சனத்துக்கு கன்னியா எண்டா முதல்ல ஒருத்தர் செத்து 31ஆம் நாள் செய்யிற கிரியைதான், அதோட ஆடி அமாவாசை. வெளியூர் ஆக்கள் சுற்றுலா இடமா மட்டும் நினைக்கிறாங்க, அதால கொஞ்சம் விவரமாச் சொல்றன். விடியக் காத்தாலயே சொந்தக்காரர் வான் பிடிச்சு வந்திறங்குவாங்க. கொள்ளி வச்ச மகன் வெறும் மேலோட வேட்டியைக் கட்டிக்கொண்டு ஐயருக்கு முன்னால இருப்பார், தர்ப்பையை முறுக்கி மோதிர விரலில போட்டுவிட்ட பிறகு தகப்பன், தகப்பன்ட தகப்பன், அவருக்கு மேல இன்னொருவர் எண்டு மூண்டு தலைமுறையின்ட பேரை ஐயர் கேப்பார். அந்த இடத்தில நிறையப் பேர் தடுமாறுவாங்க, பூட்டன்ட பேர் தெரியாது, உடனே பின்னால நிக்கிற ஒரு அத்தையோ மாமியோ பேரை எடுத்துக் குடுப்பா. இடம்பெயர்ந்து காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், போட்டோ எல்லாம் துலைச்ச குடும்பங்களுக்கு வம்சத்தின்ட பேரை மற்றவைக்கு முன்னால உரக்கச் சொல்ற ஒரே நேரம் அதுதான் எண்டு எனக்குப் படும். எள்ளும் தண்ணியும் இறைச்சு பிண்டம் வச்சு முடிஞ்சதும் வாளியால ஒவ்வொரு கிணத்திலயும் அள்ளித் தலையில ஊத்துவாங்க. முதல் வாளிக்கு உடம்பு ஒருக்காக் குலுங்கும், ஏழாவதுக்கு வரேக்க ஆள் கொஞ்சம் தெளிஞ்சு நிப்பார். துடக்கு (செத்த வீட்டுத் தீட்டு) கழிஞ்சுது, இனி வேலைக்குப் போகலாம், கோவிலுக்குப் போகலாம், வீட்டில விளக்கேத்தலாம். இப்பெல்லாம் கனடாவில இருக்கிற மற்ற மகன் வாட்ஸ்அப் வீடியோவில பாத்துக்கொண்டிருப்பார், போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளைக்குக் கை நோகும், ஆனா அதுக்காக ஒருவரும் கிரியையைச் சுருக்கிறேல்ல.

துக்கத்துக்கு ஒரு நாள், ஒரு இடம், ஒரு முடிவு எண்டு வச்சுக் குடுக்கிறது எவ்வளவு பெரிய வேலை எண்டு அமைதியான காலத்தில தெரியாது.

2011இல கன்னியாவை தொல்பொருள் இடமா வர்த்தமானியில போட்டாங்க. அதுவரைக்கும் உள்ளூர்ப் பிரதேச சபை பாத்துக்கொண்டிருந்த இடம் மெல்ல மெல்லத் தொல்பொருள் திணைக்களத்தின்ட கைக்குப் போச்சு, நுழைவுச் சீட்டு விக்கிறதும் அவங்களிட்டப் போச்சு. கிணத்துக்குப் பக்கத்தில இருந்த பழைய பிள்ளையார் கோவில் ஏற்கனவே இடிஞ்சு அத்திவாரம்தான் மிச்சம், அதைத் திருப்பிக் கட்ட விடேல்ல. அறிவிப்புப் பலகையில அநுராதபுர காலத்து பௌத்த மடாலயம் எண்ட கதை வந்துது, சனம் தலைமுறை தலைமுறையாச் செய்துவந்த கிரியையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு 2019இல பிள்ளையார் கோவில் அத்திவாரத்தை உடைச்சுப்போட்டு அந்த இடத்தில விகாரை கட்டப்போறாங்க எண்டு தெரியவந்ததும் ஊர் கொதிச்சுது. ஜூலை 16ஆம் திகதி வழிபாட்டோட எதிர்ப்புத் தெரிவிக்கப் போன சனத்தை பொலிஸ் வீதியில மறிச்சுது, பேச்சுக்கு எண்டு உள்ளுக்குப் போன தென்கயிலை ஆதீனம் எண்ட சைவ மடத்தின்ட முதல்வர் மேல சூடான தேத்தண்ணியை ஊத்தினாங்க எண்டு செய்தி வந்துது. ஒரு வாரத்துக்குள்ள திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்தக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த வருசம் ஆடி அமாவாசை ஜூலை 31. அதாவது தகப்பன் இல்லாத ஒவ்வொரு ஆம்பிளையும் விரதம் பிடிச்சு எள்ளுத்தண்ணி இறைக்கிற நாள் வர ரெண்டு கிழமை இருக்கேக்கதான் இவ்வளவும் நடந்துது. கொழும்பிலயிருந்து பாக்கிறவைக்கு இது காணிப் பிரச்சினை இல்லாட்டி இனப் பிரச்சினை. போன வருசம் தகப்பனை இழந்த ஒரு பொடியனுக்கு அது வேற. டிக்கட் எடுத்து உள்ளுக்குப் போய், தன்ட தகப்பனுக்குக் கடமை செய்யிற இடத்தில தானே விருந்தாளியா நிக்கவேண்டி வந்துது எண்டதுதான் அவன்ட மனசில நிக்கும்.

அடுத்த வருசம், 2020 ஜூனில, கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு எண்டு பாதுகாப்புச் செயலாளர் தலைமையில ஒரு ஜனாதிபதி செயலணி போட்டாங்க, பௌத்த பிக்குமாரும் அதிகாரிகளும் இருந்தாங்க, போட்ட நேரம் தமிழரோ முஸ்லிமோ ஒருத்தர்கூட அதில இல்லை. திருகோணமலை மாவட்டத்தில 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு 40, தமிழர் 30க்குக் கொஞ்சம் மேல, சிங்களவர் 27 அளவில. இப்படியொரு மாவட்டம் இருக்கிற மாகாணத்தின்ட பழைய கல்லுகளைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில அந்தச் சனத்தில பெரும்பங்குக்கு இடமில்லை எண்டா, பிறகு அந்த மேசையிலிருந்து வாற ஒவ்வொரு பலகையையும் சனம் சந்தேகத்தோட பாக்கிறதில பிழை சொல்லேலாது.

இதை விளங்கவேணுமெண்டா கொஞ்சம் பின்னால போகவேணும், ஏனெண்டா இந்த ஊருக்கு இது முதல் தடவை இல்லை.

1624இல போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா சுவாமி மலையில இருந்த கோணேசர் எண்ட சிவன் கோவிலை இடிச்சு அந்தக் கல்லுகளை எடுத்துக் கோட்டை கட்டினான். இண்டைக்கும் அந்தப் பிரெட்ரிக் கோட்டை வாசலால போறபோது சுவரில மீன் சின்னம் செதுக்கின கல்லையும் தமிழ் எழுத்துக் கல்லையும் காணலாம், குளக்கோட்டன் எண்ட பழைய அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் எண்ட அர்த்தத்தில அதில எழுதிக் கிடக்கு. அந்த வாசலைத் தாண்டித்தான் கோணேசரிட்டப் போகவேணும், ராணுவ முகாம் இப்பவும் உள்ளுக்குத்தான். கோவில் போனபிறகு வழிபாடு தம்பலகாமத்துக்குப் போச்சு, கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் ஆதரவோட அங்க ஆதிகோணேசர் வந்தார் எண்டது மரபு. பௌத்தத்தைக் காக்கவேண்டிய சிம்மாசனத்தில இருந்த அரசன் சிவனுக்கு இடம் குடுத்தான் எண்டதை எங்கட சனம் இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டு வாறதே பெரிய விசயம். ஒல்லாந்தர் வந்தாங்க, பிறகு இங்கிலீசுக்காரர் வந்தாங்க, சுவாமி மலை உச்சியில கட்டிடம் எண்டு ஒண்டும் இல்லை, ஆனா ஐயர்மார் பாறை விளிம்பில நிண்டு பூவும் பழமும் கடலில போட்டு வழிபட்டதை வெள்ளைக்காரரே எழுதி வச்சிருக்கிறாங்க. பிறகு 1950இல கிணறு வெட்டேக்க சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் எண்டு விக்கிரகங்கள் மண்ணுக்குள்ள இருந்து வந்துது, இடிக்கிற காலத்தில ஆரோ பயந்து பயந்து புதைச்சது. 1956இல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலைக்குக் கீழ கடலடியில பழைய கோவில் கல்லுகளைக் கண்டாங்க. கிடைச்ச விக்கிரகங்களை ஊர் ஊரா ஊர்வலமாக் கொண்டுபோய்க் காட்டி, சனம் குடுத்ததில கோவில் எழும்பி, 1963 மார்ச்சில கும்பாபிஷேகம்.

1624இலயிருந்து 1963 எண்டா 339 வருசம். அவ்வளவு காலம் மலை உச்சியில கட்டிடம் இல்லாம ஒரு வழிபாடு உயிரோட இருந்திருக்கு. அரசு ஆதரவு இல்லை, சொத்து இல்லை, பூவை எடுத்துக்கொண்டு பாறையில ஏறின சனம் மட்டும் இருந்தது. ஒரு இடத்தை அதிகாரம் பிடிக்கலாம், ஆனா சனம் அங்க என்ன செய்யுதோ அதை நிப்பாட்டுறது லேசில்லை எண்டதுதான் நான் இந்த ஆய்வில சொல்ல வாறது. அதேநேரம் சனம் அதைச் செய்யாம விட்டா எந்த நீதிமன்றத் தீர்ப்பும் அந்த இடத்தைக் காப்பாத்தாது. இதை எங்கட ஆக்களுக்கும் சேத்துத்தான் சொல்றன். கன்னியாவுக்காக முகப்புத்தகத்தில கொதிக்கிற எத்தனை பேர் தங்கட தகப்பனுக்கு அங்க போய்ச் செய்யிறாங்க எண்டு கேட்டுப் பாருங்க.

இன்னொரு விசயம், இது எங்கட ஆக்களுக்கும் பிடிக்காது. கன்னியாவிலிருந்து பெரிய தூரமில்லை, பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை கிடக்கு, பழைய ஆக்கள் நாதனார் கோவில் எண்டும் சொல்லுவாங்க. அங்க கிடைச்ச கல்வெட்டுகள் பல தமிழில, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தவை, அந்தப் பௌத்தப் பள்ளிக்கு இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பேர். பொலநறுவையைப் பிடிச்ச சோழர் எத்தனையோ பௌத்த இடங்களை அழிச்சாங்க எண்டு சொல்லப்படுற அதே காலத்தில, இங்க தமிழ் ஆக்கள் புத்தருக்கு விளக்கும் மாடும் காசும் நேர்ந்து குடுத்திருக்கிறாங்க. அதால திருகோணமலை மண்ணில பௌத்தம் ஒருநாளும் இருந்ததே இல்லை எண்டு மேடையில கத்துறது சரிவராது. நிலத்துக்கு அடியில ஒரு பழைய செங்கல்லு வந்தா அது சிங்கள பௌத்தம்தான், மேல இருக்கிறவன் எழும்பவேணும் எண்டு சொல்றதும் அதே அளவுக்குப் பிழை. அந்தக் கல்வெட்டுகள் ரெண்டு பக்கத்துக்கும் கரைச்சல், அதாலயோ என்னவோ ரெண்டு பக்கமும் அதைப் பெரிசாக் கதைக்கிறேல்ல. என்னைக் கேட்டா இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாரையும், மூண்டு சமூகத்துப் பிள்ளையளையும், ஒரே பஸ்ஸில ஏத்திக்கொண்டுபோய் அதைக் காட்டவேணும்.

இனி கிரியையின்ட மற்றப் பக்கத்துக்கு வாறன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) நாள், சுனாமி வந்துது. கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோனது, மூதூர், டவுன் கரையோரம், குச்சவெளி எண்டு இந்து முஸ்லிம் கிறிஸ்தவர் சிங்களவர் எல்லாருக்கும் ஒரே காலமை. பள்ளிவாசல், கோவில், தேவாலயம் எல்லாம் ஒரே நேரத்தில சமையலறையாவும் தங்குமிடமாவும் மாறின, ஆர் எந்தச் சமயம் எண்டு கேட்டு ஒருத்தரும் சோத்துப் பார்சல் குடுக்கேல்ல. ஆனா உடம்பு கிடைக்காத குடும்பங்களுக்கு என்ன செய்யிறது எண்டு அடுத்த கிழமையே கேள்வி வந்துது. சைவ முறையில அதுக்கு வழி இருக்கு, தர்ப்பையால ஆள் மாதிரிச் செய்து அதுக்குச் சடங்கு முடிச்சுப் பிறகு 31. கடல் கொண்டுபோனது எண்டு தெரிஞ்சபடியால சனம் அழுதழுது அதைச் செய்துது.

யுத்த காலத்தில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ட குடும்பங்களுக்கு அந்த வழி மூடிக் கிடக்கு. திருகோணமலையில அப்படி நிறையக் குடும்பம். 2006இல சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் யுத்தத்தால இடம்பெயர்ந்து வாகரை, மட்டக்களப்பு எண்டு அலைஞ்சு முகாம்களில இருந்து 2015, 2016இலதான் சம்பூருக்குத் திரும்பினது. அந்தப் பக்கத்து ஒரு அம்மாவை எனக்குத் தெரியும், புருசனுக்குக் கன்னியாவில எல்லாம் செய்தவ, மகனுக்கு மட்டும் செய்யமாட்டா. 2016இல சட்டத்தைத் திருத்தி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எண்டு ஒண்டு குடுக்கத் தொடங்கினாங்க, மரணச் சான்றிதழுக்குப் பதிலா அதை எடுக்கலாம், 2018இல காணாமல் போனோர் அலுவலகமும் வேலை தொடங்கினது. அவவுக்கு அந்தக் கடுதாசியில பெரிய பிரச்சினை இல்லை, காணி விசயத்துக்கு உதவும் எண்டு கையெழுத்துப் போடுவா. எள்ளுத்தண்ணி எண்டா மட்டும் மாட்டா. கடுதாசி அரசாங்கத்துக்கு, எள்ளு மகனுக்கு, அதை இறைச்சா அவன் செத்தவன். ஆடி அமாவாசையில அவட வீட்டுப் பக்கத்து ஆக்கள் எல்லாம் வெளிக்கிடேக்க அவ அவன்ட சேட்டைத் தோச்சுக் காயப்போட்டுக்கொண்டு நிப்பா.

சமயம் ஆறுதல் எண்டு லேசாச் சொல்லுறாங்க. இந்த அம்மாவுக்கு அது ஆறுதல் தரேல்ல, ஆனா பொய்யான முடிவு ஒண்டை ஏத்துக்கொள்ளாம இருக்கிறதுக்கு ஒரு பிடி குடுத்திருக்கு. அரசாங்கம் இழப்பீட்டைக் குடுத்துக் கணக்கை மூடப் பாக்கேக்க கணக்கு இன்னும் மூடேல்ல எண்டு சொல்ல அவட்ட இருக்கிற ஒரே ஆயுதம் செய்யாம விட்ட அந்தக் கிரியைதான். மாற்றத்தின்ட காலத்தில சமயத்தின்ட பங்கு எண்டு ஆராவது பெரிசா எழுதினா இதையும் சேத்து எழுதவேணும்.

முஸ்லிம் சனத்துக்கு இதே அடி 2020இல விழுந்துது. கொரோனாவில செத்தவை எல்லாரையும் எரிக்கவேணும் எண்டு கட்டாயம் வந்துது, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் எண்டு சொன்ன பிறகும் விடேல்ல. 20 நாள் குழந்தையொண்டைப் பெற்றவையின்ட சம்மதமில்லாம எரிச்ச பிறகு கொழும்பு பொரளை மயானக் கம்பியில சனம் வெள்ளைத் துணி கட்டினது ஞாபகமிருக்கும். 2021 மார்ச்சிலதான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில புதைக்க விட்டாங்க, கிண்ணியாவிலயும் மூதூரிலயும் செத்தவையும் தொடக்கத்தில சொந்த ஊர் மையவாடியை (முஸ்லிம் மயானத்தை) விட்டு அங்கதான் போகவேண்டியிருந்துது. 2024இல அமைச்சரவை மன்னிப்புக் கேட்டுது, எரிச்சவையைத் திருப்பித் தரேலாது.

இந்த இடத்திலதான் திருகோணமலையில எனக்கு நம்பிக்கை தந்த ஒரு விசயம் நடந்துது. அதுக்கு முதல் 2018 ஏப்ரலில நகரத்துத் தமிழ்ப் பெண்கள் பாடசாலை ஒண்டில முஸ்லிம் ஆசிரியைமார் அபாயா போட்டு வந்தது பிரச்சினையாகி, வாசலில பெற்றோர் ஆர்ப்பாட்டம், கடைசியில ஆசிரியைமார் வேற பாடசாலைக்குப் போகவேண்டி வந்துது. சேலைதான் எங்கட பண்பாடு எண்டு அண்டைக்குக் கத்தினவையில சிலர் 2005 மே மாசம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில இரவோடிரவா புத்தர் சிலை வச்சபோது எங்கட பண்பாட்டை அழிக்கிறாங்க எண்டு ஹர்த்தாலுக்கு நிண்டவையும்தான். ஒருத்தன் எங்களுக்குச் செய்தா அநியாயம், நாங்கள் இன்னொருத்தருக்குச் செய்தா மரபு எண்டு சொல்றதை என்னால ஏத்துக்கொள்ளேலாது. அந்தக் கசப்பு ஆறாம இருக்கேக்கதான் 2021 பெப்ரவரி 3ஆம் திகதி கிழக்கில பொத்துவிலிலயிருந்து வடக்கில பொலிகண்டிக்கு எதிர்ப்பு நடை தொடங்கினது. கோரிக்கைகளில விகாரை கட்டிக் காணி பிடிக்கிறது இருந்துது, காணாமல் ஆக்கப்பட்டவை இருந்தாங்க, ஜனாசாவை (முஸ்லிம் பிரேதத்தை) எரிக்காதே எண்டதும் இருந்துது. சைவத் துறவி வேலன் சுவாமியும் கத்தோலிக்கக் குருமாரும் முன்னால நடக்க, வழியில முஸ்லிம் ஊர்ச் சனம் வெளிய வந்து சேந்துது, திருகோணமலையையும் கடந்துதான் அந்த நடை போனது, நீதிமன்றத் தடையுத்தரவையும் பொலிஸையும் தாண்டி.

ஏன் அண்டைக்கு மட்டும் சேர முடிஞ்சது எண்டு யோசிச்சா எனக்குப் படுறது இதுதான். உடுப்பு, சிலை, ஒலிபெருக்கி எண்டு வரேக்க சமயம் வேலியாகிடுது, வேலிக்கு அங்கால நிக்கிறவன் எதிரி. செத்த பிள்ளையை எப்படி அனுப்புறது எண்டு வரேக்க அங்கால நிக்கிறவனும் தகப்பன்தான் எண்டது தெரிஞ்சிடுது. எரிக்கிற வழக்கமுள்ள சைவச் சனத்துக்கு எரிக்காதே எண்ட கோரிக்கை விளங்கினது அதாலதான். பிறகு அந்த ஒற்றுமை நிலைச்சுதா எண்டா இல்லை, தேர்தல் வந்துது, பழையபடி பிரிஞ்சுது. ஆனா ஒருக்கா நடந்தது நடந்ததுதான், அதை ஒருத்தரும் கனவு எண்டு சொல்லேலாது.

கன்னியாவில என்ன செய்யலாம் எண்டதுக்கு வாறன். பௌத்த எச்சங்கள் அங்க இருந்தா அதைப் பாதுகாக்கத்தான் வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. கிணறுகளின்ட நிர்வாகம் உள்ளூர்ப் பிரதேச சபைக்குத் திரும்பி வரவேணும், தொல்பொருள் திணைக்களம் ஆலோசனை சொல்லட்டும். கிரியைக்கு வாற குடும்பத்திட்ட டிக்கட் காசு வாங்கக்கூடாது. பலகை மூண்டு மொழியிலயும் இருக்கவேணும், பௌத்த மடாலயத்தைப் பற்றி எழுதிற அதே அளவுக்கு பிள்ளையார் கோவிலைப் பற்றியும் 31ஆம் நாளைப் பற்றியும் எழுதவேணும், ராவணன் கதையும் இருக்கட்டும். செயலணி எண்டு இனி ஆர் என்ன போட்டாலும் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம், திருகோணமலைத் தமிழர் ஒருத்தர் இல்லாம அது கூடக்கூடாது. இதையெல்லாம் செய்ய வருசக்கணக்கா இழுபடும் எண்டு தெரியும், ஆனா கிரியை செய்யிறவை வெயிலில இருந்து பிண்டம் வைக்காம இருக்க ஒரு கூரையும், ஈர வேட்டி மாத்தப் பொம்பிளைக்கும் ஆம்பிளைக்கும் தனித்தனி மறைப்பும் போட ஒரு வர்த்தமானியும் தேவையில்லை, அதை அடுத்த ஆடி அமாவாசைக்கு முதலே செய்யலாம்.